தாளம் போட ஓர் இடம்

மதுரைக் கல்யாண வரவேற்புகளில் மெல்லிசைக் கச்சேரி போய் ஃப்யூஷன் என்கிற கலப்பு இசை வந்து சில வருடங்கள் ஆகின்றன. பைபாஸ் ரோட்டு மண்டபமோ ரிங் ரோட்டு மண்டபமோ, கொஞ்சம் வசதியான வீடு என்றால் இப்போது அதுதான் கௌரவம். வயலின், சாக்ஸபோன், கீபோர்டு, கடம், பின்னால் டிரம்ஸ். மேடையில் புகை விடுவார்கள், விளக்கு சுற்றும். போன தை மாதம் அப்படி ஒரு வரவேற்பில் என் தாய்மாமாவோடு பந்திக்குக் காத்திருந்தேன். எல்லோருக்கும் தெரிந்த ஒரு ஹம்சத்வனி கீர்த்தனையை எடுத்தார்கள். கீபோர்டு அதன் அடியில் ஜாஸ் பாணியில் கார்டுகளை, அதாவது சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கொத்துகளை, பரப்பியது. வயலினும் சாக்ஸபோனும் மாறி மாறிக் கேள்வி பதில் வாசித்தன. வேகம் ஏறிக்கொண்டே போய் டமார் என்று முடிந்தபோது பின்வரிசையில் விசில் பறந்தது. மாமா கை தட்டவில்லை. "கேக்கிறதுக்கு என்ன இருக்கு மாப்ளே, பாக்கத்தான் நல்லாருக்கு" என்றார். அதற்குள் பந்தியில் இடம் கிடைத்துவிட்டது, எழுந்து போனோம்.

சாப்பாடு ஜீரணமாகிவிட்டது, அந்தப் பேச்சு ஆகவில்லை. நான் இந்தக் கலப்பு இசையை ரொம்ப நாளாகக் கேட்பவன். கல்லூரியில் படிக்கும்போது டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் காலி கேசட் கொடுத்துப் பதிவு செய்து வாங்கிய 'சக்தி' குழுவின் முதல் ஆல்பம்தான் ஜாஸ் என்று ஒன்று இருப்பதையே எனக்குக் காட்டியது. ஜான் மெக்லாஃப்ளின் கிடார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம், ராம்நாடு ராகவன் மிருதங்கம். 1975 ஜூலையில் நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் ஒரு கல்லூரியில் மேடையில் வாசித்ததை அப்படியே பதிவு செய்தது. அந்தக் கேசட்டை நாடா தேயும்வரை கேட்டவனிடம் 'இதெல்லாம் பார்க்கத்தான்' என்றால் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அன்று மேடையில் நடந்ததைப் பொறுத்தவரை மாமா சொன்னது சரி என்றும் தோன்றியது. இரண்டும் எப்படி ஒன்றாக நிற்க முடியும்?

மாமாவைப் பழைய பஞ்சாங்கம் என்று ஒதுக்கிவிட்டால் வேலை சுலபம். அவர் அப்படிப்பட்டவர் அல்ல. விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். பாட்டுக் கற்றுக்கொண்டதில்லை. திருச்சி வானொலியில் கேட்டுக் கேட்டே கர்நாடகப் பாடகர் மதுரை மணி ஐயருக்கு அடிமையானவர். மணி ஐயர் கச்சேரியின் கடைசிப் பக்கத்தில் பாடுகிற 'இங்கிலீஷ் நோட்டு' என்றால் அவருக்கு உயிர். ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்களை வைத்து, பேண்டு வாசிப்பது மாதிரி வெள்ளைக்கார நடையில் அமைத்தது அது. சபாக்களில் சீட்டு எழுதி அனுப்பிக் கேட்டு வாங்குவார்களாம். பாகவதர் மதுரையில் நடத்திய சங்கீதப் பள்ளியில் படித்தவர்தான் மணி ஐயர். ஆக, மேற்கத்திய வாசனை பட்டால் தீட்டு என்ற எண்ணமெல்லாம் இந்த ஊர் ரசிகர்களுக்குக் கிடையாது. 1968இல் மணி ஐயர் போன பிறகும் அந்த நோட்டைக் கேசட்டில் போட்டுப் போட்டுக் கேட்டவர் மாமா. பிறகு அன்றைக்கு என்னதான் குறை?

கைக்கு வேலை

கர்நாடகக் கச்சேரி கேட்கிறவர் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. தல்லாகுளம் லட்சுமி சுந்தரம் ஹாலில் ஒரு நாள் மேடையைப் பார்க்காமல் ரசிகர்களின் தொடைகளை மட்டும் பாருங்கள். ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், மறுபடி தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. ஆதி தாளத்தின் எட்டு அட்சரமும் வரிசை வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும். பாடகர் ஒரே வரியை விதவிதமாகப் பாடும் நிரவலில் எங்கே சுற்றினாலும், மிருதங்கக்காரர் தாளத்தை ஒளித்துவைத்து வாசித்தாலும், கை விடாது. கணக்குப் போட்டுக் கட்டிய முடிப்பான கோர்வையை மூன்று தடவை வாசித்து, பாட்டு தொடங்கும் இடமான எடுப்பில் வந்து விழும்போது கூட்டத்திலிருந்து 'ஆ' என்று ஒரு சத்தம் கிளம்புகிறதே, அது முழுக்க வித்வானுக்கான பாராட்டு என்று நான் நினைக்கவில்லை. நானும் வழி தவறாமல் வந்து சேர்ந்துவிட்டேன் என்ற சந்தோஷம் அதில் பாதி. கணக்கே பிடிக்காதவர்களுக்கு மணி ஐயரின் சர்வலகு ஸ்வரங்கள் இருக்கின்றன. தாளத்தோடு ஒட்டி, துள்ளலாக, கணக்கு காட்டாமல் போய்க்கொண்டே இருக்கும். ஜாஸ்காரர்கள் ஸ்விங் என்று எதைச் சொல்கிறார்கள் என்று யாராவது கேட்டால் நான் அதைத்தான் போட்டுக் காட்டுவேன்.

ஜாஸ் ரசிகருக்கும் இதே வேலைதான், கைக்குப் பதில் மனசு. ஒரு பாட்டின் உருவம் பெரும்பாலும் 12 பார் அல்லது 32 பார்; பார் என்பது நம் தாள வட்டம் மாதிரி ஓர் அளவு. முதலில் மெட்டை ஒருமுறை வாசித்துக் காட்டிவிடுவார்கள். அப்புறம் ஒவ்வொருவராக அதைவிட்டு வெளியே கிளம்புவார்கள். யார் எவ்வளவு தூரம் போனாலும் அந்த 32 பார் அடியில் சுற்றிக்கொண்டே இருக்கும். தேர்ந்த ரசிகர் மூல மெட்டை உள்ளுக்குள் பாடிக்கொண்டே மேலே நடக்கும் சோலோவைக் கேட்பார். அந்த மெட்டைத் தெரியாதவருக்கு அது வெறும் ஊளைச் சத்தம். ராகத்துக்கும் ஸ்கேலுக்கும் ஒற்றுமை தேடிக் கட்டுரைகள் நிறைய வருகின்றன. இரண்டு பக்கமும் கேட்பவனுக்கு ஒரு வேலை கொடுத்து உட்காரவைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு அதைவிடப் பெரிய ஒற்றுமையாகப் படுகிறது.

மண்டபத்து ஃப்யூஷனில் அந்த வேலை பறிபோய்விடுகிறது. டிரம்ஸ் ஒவ்வொரு அட்சரத்தையும் உடைத்து ஸ்பீக்கர் வழியாக நெஞ்சில் அடித்துச் சொல்லிவிடுகிறது. நாம் பிடித்து வைத்துக்கொள்ள மிச்சம் எதுவும் இல்லை. மாமாவின் கை அன்று முழுக்க மொய்க் கவரைப் பிடித்துக்கொண்டு சும்மாவே இருந்தது. கைக்கு வேலை இல்லாதபோது கண் வேலை செய்யும். யார் வேகமாக வாசிக்கிறார், யார் முடியைச் சிலுப்புகிறார், யார் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார். 'பாக்கத்தான் நல்லாருக்கு' என்று வேறெதைச் சொல்வார்?

இன்னொரு சங்கடம் சட்ஜம், அதாவது ஆதார ஸ்வரமான 'ச'. தம்புராவின் சட்ஜம் கச்சேரி முடியும்வரை நகராது. ஜாஸில் கார்டு மாற மாறத் தரையே நகரும், அந்த நகர்வில்தான் அதன் ருசி. ஹம்சத்வனியின் நிஷாதம் ('நி') ஒரு கார்டின்மேல் ஒரு நிறம் காட்டும், அடுத்த கார்டின்மேல் வேறு நிறம். தனியாகக் கேட்டால் அழகுதான். ஆனால் நிஷாதம் என்றால் மேல் சட்ஜத்தை நோக்கித் தவிக்கிற ஸ்வரம் என்று பழகின காதுக்கு, அது திடீரென்று வேறு திசையில் திரும்பினால் ராகமே கலைந்துபோகிறது. இதற்கு நேர் எதிர்ப்பக்கத்துப் புகாரும் உண்டு. சர்ச்சில் கிடார் வாசிக்கும் நண்பன் ஒருவனுக்கு சக்தியைப் போட்டுக் காட்டியபோது, "கார்டே இல்லாம என்னடா ஜாஸ்? ஒரே இடத்துல நின்னுக்கிட்டு ஓடுற மாதிரி இருக்கு" என்றான். மெக்லாஃப்ளின் அந்தப் பக்கத்தைத் தெரிந்தேதான் விட்டுக்கொடுத்திருக்கிறார். அதற்கு முன்பு மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற தன் ஜாஸ்-ராக் குழுவில் காது கிழிய மின்சார கிடார் வாசித்தவர், சக்திக்கென்று ஒரு மரக் கிடார் செய்து வாங்கினார். நரம்பைப் பக்கவாட்டில் இழுத்து, ஸ்வரத்தை அசைத்து வளைக்கும் கமகம் பிடிக்க வசதியாக, விரல் வைக்கும் பலகையை அதன் குறுக்குக் கட்டைகளுக்கு நடுவே குழிவாகச் செதுக்கச் சொன்னார். குறுக்கே கூடுதல் நரம்புகள், சிதாரில் தரப் இருப்பதுபோலக் கூடவே அதிர்வதற்கு. அவருடைய பழைய ரசிகர்கள் பலருக்கு இந்தத் திருப்பம் ஏமாற்றமாக இருந்தது.

பேச்சியம்மன் படித்துறையில் ஒரு சாயங்காலம்

மாமாவிடம் வாதாடிப் பயன் இல்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு பேச்சியம்மன் படித்துறையில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனேன். அத்தை காபி கொடுத்தார். மாமா சாய்வு நாற்காலியில் பேப்பரோடு இருந்தார். என்ன போடப்போகிறேன் என்று சொல்லவில்லை. அந்த முதல் ஆல்பத்தில் மொத்தமே மூன்று உருப்படிகள். முதலாவது 18 நிமிடம், எடுத்த எடுப்பிலேயே குதிரைப் பாய்ச்சல். கிடாரும் வயலினும் ஒரே வரியை ஒரே வேகத்தில் சேர்ந்து வாசித்துக்கொண்டு ஓடும். கல்லூரியில் எனக்கு மயிர்க்கூச்செறிந்த இடம். மாமா பேப்பரின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார்.

கொஞ்ச நேரம் கழித்துப் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "மிருதங்கம் யாருப்பா?" என்று கேட்டார். ராம்நாடு ராகவன் என்றேன். பேப்பர் இறங்கியது. "நம்ம ராம்நாடு கிருஷ்ணன் தம்பியா?" ஆமாம், அந்தப் பாடகரின் தம்பிதான் என்றேன். ராகவன் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் சொல்லிக்கொடுத்தவர் என்றும் சொன்னேன். பேப்பர் மடித்து ஸ்டூலுக்குப் போனது. இரண்டாவது உருப்படி மெதுவானது, 5 நிமிடம்கூட இல்லை. வேகமே இல்லாத அதில்தான் மாமா முதன்முதலாகத் தலையை அசைத்தார். மண்டபத்தில் எப்போதுமே வாசிக்காத வகை அது. கைதட்டல் வாங்காத பாட்டை எதற்கு வாசிப்பார்கள்?

மூன்றாவது உருப்படி 29 நிமிடம். அது தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மாமாவின் வலது கை நாற்காலியின் கைப்பிடிக்குப் போனது. முதலில் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். ஒத்துவரவில்லை. விரலை விட்டுவிட்டு வெறும் தட்டாகப் போட்டார். அது பிடித்துக்கொண்டது. அப்புறம் தபலாவும் கடமும் மிருதங்கமும் தங்களுக்குள் பேச ஆரம்பித்த இடத்தில் கை தடுமாறியது. இரண்டு தட்டுக் கூடிப்போனது, பிறகு ஒன்று குறைந்தது. கையைக் கைப்பிடிக்கு ஒரு சாண் மேலே தூக்கி அப்படியே நிறுத்திவிட்டு, உதட்டால் என்னவோ எண்ணிக்கொண்டிருந்தார். எல்லோரும் சேர்ந்து வந்து விழுந்த இடத்தில் கை கீழே வரவில்லை, அரைத் தட்டு பிந்திவிட்டது. "தள்ளிப் போயிட்டேன்" என்று சிரித்தார். "அந்த எடத்தத் திருப்பிப் போடு." திருப்பிப் போட்டேன். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டார். கை தடுமாறவில்லை என்று சொல்ல முடியாது, ஆனால் விழவேண்டிய இடத்தில் சரியாக விழுந்தது. 'ஆ' என்றார். எழுபது தாண்டிய மனிதர், பேருந்தில் சன்னல் சீட்டு கிடைத்த பையன் மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

டிரம் செட்டும் பேஸ் கிடாரும் இல்லாத குழு என்பது பல வருடமாகத் தெரிந்த விஷயம்தான் எனக்கு. அதனால் என்ன நடக்கிறது என்பது அன்று அந்தக் கை அந்தரத்தில் நின்றபோதுதான் புரிந்தது. மூன்று பேர் தாளம் வாசிக்கிறார்கள், ஒருவரும் தாளத்தைச் சொல்லவில்லை. அந்த ஒன்றைக் கேட்பவரிடம் விட்டுவிட்டார்கள். 1975இல் அந்தக் கல்லூரி அரங்கில் உட்கார்ந்திருந்த அமெரிக்கப் பிள்ளைகளுக்கு ஆதி தாளமும் தெரியாது, கோர்வையும் தெரியாது. ஆனாலும் பதிவில் அவர்கள் ஆரவாரம் கேட்கிறது. எங்கோ போனவர்கள் ஒரே புள்ளியில் வந்து சேர்கிறார்கள் என்பதை அவர்களும் உணர்ந்திருக்கிறார்கள்.

"பானை யாரு? கணீர்னு இருக்கே, மானாமதுரைச் சரக்கா?" என்பது மாமாவின் அடுத்த கேள்வி. அந்தக் குறிப்பிட்ட மேடையில் இருந்தது எந்தப் பானையோ, விக்கு விநாயக்ராமுக்கும் மானாமதுரைக் கடத்துக்கும் உறவு உண்டு என்பது ஊரறிந்தது. சென்னைக் கடம் எடை குறைவு, தொனி மெத்தென்று இருக்கும். மானாமதுரைக் கடம் கனம், சுவர் தடிப்பு, உலோகத்தைத் தட்டுவது மாதிரி சுள்ளென்ற நாதம், பழகாத விரல் வீங்கிவிடும். அந்த மண்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. சக்தி குழுவின் பிந்தைய ஆல்பம் ஒன்று 2024இல் கிராமி வாங்கியபோது கடைசிவரை பேசப்பட்டது சங்கர் மகாதேவனும் ஜாகிர் உசேனும்தான். விநாயக்ராமின் மகன் செல்வகணேஷும் அந்தக் குழுவில் இருந்தார் என்பதை மானாமதுரையில் யாராவது கொண்டாடியிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

மதுரைக்கும் இந்த விவகாரத்துக்கும் இன்னொரு முடிச்சு உண்டு. மெக்லாஃப்ளின் வெஸ்லியனில் வீணை படித்தது டாக்டர் எஸ். ராமநாதனிடம். சிலப்பதிகாரத்தின் இசையை ஆராய்ந்து அதே பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர், மதுரை சத்குரு சங்கீத வித்யாலயத்தின் முதல்வராக இருந்தவர். மாதவியின் யாழையும் ஆய்ச்சியர் குரவையின் ஸ்வரங்களையும் தோண்டிக்கொண்டிருந்த ஒருவர், ராக் கிடாரிஸ்ட் ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீணையில் கமகம் காட்டியிருக்கிறார். குழிவாகச் செதுக்கின அந்தக் கிடாரைப் பற்றி எழுதுகிறவர்கள் கிடார் கம்பெனியின் பெயரைத் தவறாமல் போடுகிறார்கள், ராமநாதன் பெயரைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

அன்று கிளம்பும்போது மாமா தீர்ப்புச் சொன்னார். "கச்சேரின்னு சொல்ல மாட்டேன். ஆலாபனை பத்தாது, ஆளாளுக்கு ஓட்டம். ஆனா ஏமாத்தலை." இதில் அந்த ஓட்டம் பற்றிச் சொன்னது எனக்கும் உடன்பாடு. இளமையில் எதைக் கேட்டு வாய் பிளந்தேனோ, அந்தச் சேர்ந்து ஓடும் வரிகள்தான் இப்போது கேட்கையில் சலிக்கின்றன. பிற்பாடு வந்த ஃப்யூஷன்காரர்கள் சக்தியிடமிருந்து எடுத்துக்கொண்டதும் துரதிர்ஷ்டவசமாக அந்த ஓட்டத்தை மட்டும்தான்.

இரண்டு குழல்கள்

சாக்ஸபோனைப் பற்றி மட்டும் மாமாவோடு எனக்குச் சமாதானம் ஆகவில்லை. அவருக்கு அது பேண்டு செட் வாத்தியம். நான் கத்ரி கோபால்நாத்தைக் காட்டுவேன். அவர் நாதஸ்வரக்காரரின் பிள்ளை. மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கி, சாவிகளை மாற்றியமைத்து அதில் தோடி வாசிக்கிற அளவுக்கு வளைத்தவர். 1980இல் பம்பாய் ஜாஸ் யாத்ரா விழாவில் அவர் வாசிப்பைக் கேட்ட அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஹேண்டி மேடையேறிச் சேர்ந்து வாசித்தார். 2008இல் ஜாஸ் சாக்ஸபோன்காரர் ருத்ரேஷ் மகந்தப்பாவோடு அவர் வாசித்த ஆல்பத்தில், ஒரே வாத்தியம் இரண்டு பேர் வாயில் இரண்டு மொழி பேசுவதைக் கேட்கலாம். இதே பாதையில் எதிர்த் திசையில் வந்தவர் சார்லி மரியானோ. பாஸ்டன்காரர், பெயர்பெற்ற ஆல்டோ சாக்ஸபோன் கலைஞர். அவர் நாதஸ்வரத்தைக் கையிலெடுத்து ஜாஸ் மேடையில் வாசித்தார். நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியோடு நம் ஊர்ப் பிள்ளைகளே வருடக்கணக்கில் மல்லுக்கட்டும்போது அந்த மனிதருக்கு என்ன பிடிவாதம் இருந்திருக்க வேண்டும்! சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் நாதஸ்வரம் வாசித்த ஊரில் அவரைத் தெரிந்தவர் அநேகமாக யாரும் இல்லை.

மரியானோவை யோசிக்கும்போது எனக்கு வேறொன்றும் தோன்றுகிறது. ஜாஸைத் தேடிப்போகிற நம் ஆட்கள் எப்போதும் சபா வாசலிலிருந்தே கிளம்புகிறார்கள். ஜாஸ் பிறந்தது சபாவில் அல்ல. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் தெருவில், ஊர்வலத்தில், சாவு வீட்டில். பிணத்தைக் கொண்டுபோகும்போது பேண்டு மெதுவாக அழும், அடக்கம் முடிந்து திரும்பும்போது துள்ளும், பின்னால் ஊர் ஜனம் ஆடிக்கொண்டே வரும். அந்தப் பின்கூட்டத்துக்கு செகண்ட் லைன் என்றே பெயர். மதுரைக்காரனுக்கு இதை விளக்கவேண்டிய அவசியமே இல்லை. தத்தனேரி சுடுகாட்டுக்குப் போகும் பாதையில் நின்றால் போதும், கொட்டும் பேண்டு செட்டும் ஆட்டமுமாக வரும். சித்திரைத் திருவிழாவில் நையாண்டி மேளம் வரும்போது பாருங்கள். நாதஸ்வரம், தவில், பம்பை, தமுக்கு. யாரும் நோட்டு வைத்து வாசிப்பதில்லை. கூட்டத்தில் ஒருவன் காலை எடுத்து ஆடினால் தவில்காரர் அவன் காலைப் பார்த்து நடையை மாற்றுவார், நாதஸ்வரக்காரர் அதன்மேல் சினிமா மெட்டைப் போட்டு ராகத்துக்கு இழுப்பார், சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்துவார்கள். கைக்கு வேலை என்று இவ்வளவு நேரம் சொன்னேனே, இங்கே காலுக்கு.

திருப்பரங்குன்றத்தில் எனக்குப் பழக்கமான வயதான தவில்காரர் ஒருவர் இருக்கிறார். போனில் நியூ ஆர்லியன்ஸ் பேண்டு ஊர்வலம் ஒன்றை அவருக்குக் காட்டினேன். வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு முழுசாகப் பார்த்தார். "பெரிய டிரம்மு அடிக்கிறவன் கெட்டி. கூட்டத்தப் பாத்து அடிக்கிறான். சின்ன டிரம்முக்காரன் தன்னப் பாத்தே அடிக்கிறான், அவன மாத்தணும்" என்றார். ஊதுகிறவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "எப்படிண்ணே, நம்ம மேளத்தோட சேருமா?" என்று கேட்டேன்.

"அது கெடக்கட்டும் தம்பி. எத்தனை கிலோமீட்டர் நடப்பாங்க?"

தெரியவில்லை என்றேன்.

"அத மொதல்ல கேட்டுச் சொல்லு. ரெண்டு கிலோமீட்டருக்கு மேலன்னா இந்த வேகத்துல ஊத முடியாது."